எந்த வாசலில் மனு போடுவது? முதியோர் உதவித்தொகை: வாசகர் கேள்வி, பதில்

குறுவை அறுப்பு முடிந்த கையோடு தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஓஏபி எனப்படும் முதியோர் உதவித்தொகை பற்றியவை. நிலம் இருந்தால் கிடைக்காதா, பிள்ளை இருந்தால் கிடைக்காதா, கணவர் இறந்தால் என்ன, பிரிந்திருந்தால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள்.

பதில்களுக்கு முன்னால் எல்லாருக்கும் பொதுவான ஒன்று. ஊரில் ஓஏபி என்று ஒரே பெயரில் சொன்னாலும் அது பல திட்டங்கள். 60 வயதானவர்களுக்கு முதியோர் ஓய்வூதியம். வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள 40 வயதுக்கு மேற்பட்ட கைம்பெண்களுக்கு ஒன்று. 18 வயதிலிருந்தே பெறக்கூடிய ஆதரவற்ற விதவை உதவித்தொகை ஒன்று. கணவனால் கைவிடப்பட்ட 30 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஒன்று. திருமணமாகாத 50 வயதுக்கு மேற்பட்ட ஏழைப் பெண்களுக்கு ஒன்று. சிறு, குறு விவசாயிகளுக்கும் விவசாயத் தொழிலாளர்களுக்கும் உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் ஒன்று. 2023 ஆகஸ்ட் முதல் இவற்றுக்கு மாதம் 1,200 ரூபாய் என்று உயர்த்தப்பட்டது. ஒருவருக்கு ஒரு உதவித்தொகைதான். இரண்டில் பெயர் இருந்தால் இரண்டும் நின்று, வாங்கியதைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள்.

தொகை ஒன்றாக இருப்பதால் எது கூடுதலாகத் தரும் என்று தேட வேண்டியதில்லை. எந்தத் திட்டம் உங்கள் கையில் இருக்கும் காகிதங்களோடு பொருந்துகிறது என்று பாருங்கள். வந்த கடிதங்களைப் படித்தவரையில், தகுதி இருந்தும் தவறான திட்டத்தில் மனு போட்டுத் தள்ளுபடி வாங்கியவர்கள் பலர்.

கேள்வி: எனக்கு 67 வயது, மனைவிக்கு 62. என் பெயரில் நாலு மா நஞ்சை, கூரை வீடு. சம்பா ஒரு போகம்தான். ஓஏபி மனு இரண்டு தடவை ‘சொத்து உள்ளது’ என்று தள்ளுபடி ஆனது. எங்களைவிட நிலம் கூட வைத்திருக்கும் அண்டை வீட்டுக்காரர் மாதாமாதம் வாங்குகிறார். இது எப்படி?
– வாசகர், நீடாமங்கலம் வட்டம்

அண்டை வீட்டுக்காரர் பெரும்பாலும் உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் வாங்குபவராக இருப்பார். நீங்கள் மனு போட்டது முதியோர் ஓய்வூதியத்தில். இரண்டுக்கும் நிலத்தைப் பார்க்கும் விதமே வேறு.

முதியோர் ஓய்வூதியத்தில் வறுமைக் கோட்டுக்குக் கீழ் இருக்க வேண்டும், பிழைக்கப் போதிய வருமானமோ ஆதரவோ இருக்கக்கூடாது, அசையாச் சொத்தின் மதிப்பு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டக்கூடாது. ஒரு மா என்பது 100 குழி. குழி 144 சதுர அடி என்றால் ஒரு மா 33 சென்ட், நாலு மா 132 சென்ட். ஆற்றுப்பாசன நஞ்சையில் 132 சென்ட் ஒரு லட்சத்துக்குள் அடங்காது. விளைச்சல் இருக்கிறதா, கடன் இருக்கிறதா என்பது இந்தக் கணக்கில் வராது. வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்) நில உரிமைப் பதிவான சிட்டாவைப் பார்த்ததும் மனு அங்கேயே முடிந்துவிடுகிறது. மூன்றாவது தடவை போட்டாலும் இதே பதில்தான்.

உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் நஞ்சை இரண்டரை ஏக்கர் வரை, புஞ்சை ஐந்து ஏக்கர் வரை வைத்துத் தாமே பயிர் செய்பவர் சிறு, குறு விவசாயி. இரண்டரை ஏக்கர் என்றால் சுமார் ஏழரை மா. உங்கள் நாலு மா அதற்குள் நன்றாக அடங்குகிறது. அங்கே தடையாக இருந்த நிலம் இங்கே தகுதியாகிறது.

செய்ய வேண்டியது இது. சிட்டா நகலும், இந்தப் பசலிக்கான (வருவாய்த் துறை ஆண்டுக்கான) சாகுபடிப் பதிவான அடங்கலும் எடுங்கள். சிட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர் என்று இருக்கும். நாலு மா என்பது சுமார் 53 ஏர். ஒரு ஏக்கர் ஏறத்தாழ 40 ஏர் என்று வைத்துக்கொண்டால் நீங்களே சரிபார்த்துவிடலாம். அடங்கலில் பயிர் செய்பவர் பெயர் உங்களுடையதாக இருக்கிறதா என்று பாருங்கள். இங்கேதான் பலருக்குச் சிக்கல் வருகிறது. நிலம் இறந்துபோன தகப்பனார் பெயரிலேயே இருக்கும். இல்லையென்றால் அண்ணன் தம்பி நாலு பேர் கூட்டுப் பட்டாவில் மொத்தம் ஐந்து ஏக்கர் என்று நிற்கும். கம்ப்யூட்டரில் அது உங்களுடைய ஐந்து ஏக்கராகத் தெரியும். வாரிசுச் சான்றும் பாகப் பத்திரமும் இருந்தால் உட்பிரிவு செய்து தனிப் பட்டா கேளுங்கள். அது தாமதமானால், உங்கள் பங்கு எவ்வளவு என்பதை வி.ஏ.ஓ. விசாரணை அறிக்கையில் எழுதும்படி மனுவிலேயே கேட்டு, வாரிசுச் சான்றின் நகலை இணையுங்கள்.

உழவர் பாதுகாப்புத் திட்ட அடையாள அட்டை வைத்திருக்கிறீர்களா என்று வீட்டில் தேடிப் பாருங்கள். இருந்தால் நகல் எடுத்து வட்டாட்சியர் அலுவலக வளாகத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம் மனு கொடுங்கள். இல்லாவிட்டால் உறுப்பினர் பதிவு பற்றி வி.ஏ.ஓ.விடம் முதலில் கேளுங்கள்.

மனைவியின் பேரில் நிலம் இல்லை. அவர் நடவுக்கும் களையெடுப்புக்கும் போனவர் என்றால் விவசாயத் தொழிலாளர் என்ற முறையில் அவருடைய மனு தனியாகப் பரிசீலிக்கப்படும். கணவனும் மனைவியும் சேர்ந்து வாழ்வதாலேயே ஒருவருக்கு மறுக்க வேண்டும் என்று மத்திய அரசின் முதியோர் ஓய்வூதிய வழிகாட்டு நெறிகளில் இல்லை. ஆனால் கணவரின் வருமானத்தை ‘ஆதரவு’ என்று விசாரணையில் எடுத்துக்கொள்வார்கள். ஆகவே முதலில் ஒருவர் மனு போட்டு, உத்தரவு வந்தபின் மற்றவர் போடுவது நடைமுறையில் சிக்கல் குறைந்த வழி.

இன்னொன்று, கேட்காமலே சொல்கிறோம். ஓஏபிக்காக நிலத்தை மகன் பெயருக்கு செட்டில்மென்ட் எழுதிவைக்கச் சொல்லும் ஆட்கள் ஊருக்கு ஒருவர் இருக்கிறார்கள். 1,200 ரூபாய்க்காக நாலு மாவை விடாதீர்கள். அண்மையில் கைமாறிய பட்டா விசாரணையில் தெரிந்துவிடும். உதவித்தொகையும் கிடைக்காமல், நிலமும் இல்லாமல் நிற்க நேரும்.

கேள்வி: குத்தகை நிலம் சொத்துக் கணக்கில் சேருமா? கோயில் நிலம், ஒன்றரை ஏக்கர்.
– வாசகர், திருவிடைமருதூர்

நிலம் கோயிலுடையது, உங்கள் சொத்தாகாது. அதில் வரும் நெல் உங்கள் வருமானம். கொள்முதல் நிலையத்தில் நெல் போட்ட பணம் உங்கள் வங்கிக் கணக்கில்தான் ஏறுகிறது என்பதால் அதை மறைக்க முடியாது, மறைக்கவும் வேண்டாம். குத்தகை நெல், உழவு, நடவு, உரம், அறுவடை மிஷின் வாடகை போக என்ன மிஞ்சுகிறது என்று ஒரு தாளில் எழுதி விசாரணைக்கு வருபவரிடம் கொடுங்கள். மொத்த வரவை வருமானமாக எழுதிவிட்டால் பிறகு மாற்றுவது கடினம்.

கேள்வி: ஓஏபி வாங்கிவந்த என் கணவர் தை மாதம் இறந்துவிட்டார். எனக்கு 58 வயது. அவருடைய பணத்தை என் பெயருக்கு மாற்றித் தருவார்களா? அவர் கணக்கில் இன்னும் பணம் ஏறுகிறது. ஏடிஎம் கார்டு என்னிடம்தான் இருக்கிறது.
– வாசகி, பாபநாசம்

முதலில் அந்தக் கார்டைப் பெட்டியில் வையுங்கள், அம்மா. இறந்த மாதத்துக்குப் பிறகு ஏறிய பணம் அரசுக்குத் திரும்பிப் போக வேண்டியது. அதை எடுத்தால் உங்களிடம் வசூலிப்பார்கள். உங்கள் புது மனுவும் அங்கேயே நின்றுவிடும். இறப்புச் சான்றின் நகலோடு வி.ஏ.ஓ.வுக்கும் வங்கிக்கும் எழுதிக் கொடுத்து, கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

ஓஏபி பரம்பரையாக வருவதில்லை. கணவர் அரசு ஊழியராக இருந்து இறந்தால் மனைவிக்கு வருமே குடும்ப ஓய்வூதியம், அதுபோல இதைப் பலர் நினைக்கிறார்கள். இது தனி நபருக்குக் கொடுக்கும் உதவி. அவரோடு முடிந்தது. உங்களுக்குப் புதிய மனு வேண்டும்.

60 ஆக இன்னும் இரண்டு வருஷம் காத்திருக்க வேண்டாம். 40 முடிந்த கைம்பெண் என்பதால் இந்திரா காந்தி தேசிய விதவைகள் ஓய்வூதியத்துக்கு இப்போதே தகுதி உண்டு. வறுமைக் கோட்டுப் பட்டியலில் குடும்பம் இருக்க வேண்டும். பட்டியலில் இல்லை என்று சொன்னால் மனம் தளர வேண்டாம். மாநில அரசின் ஆதரவற்ற விதவை உதவித்தொகைக்கு அதே காகிதங்களோடு விண்ணப்பிக்கலாம். அது 1975லிருந்து நடக்கும் திட்டம். மத்தியத் திட்டத்தில் சேர்ந்தவருக்கு 80 வயதானதும் பெயர் முதியோர் ஓய்வூதியத்துக்கு மாறும். கையில் வரும் தொகை அதனால் நிற்காது. மறுமணம் செய்துகொண்டால் விதவை உதவித்தொகை நின்றுவிடும்.

என்னென்ன வேண்டும்: கணவரின் இறப்புச் சான்று, உங்கள் ஆதார், குடும்ப அட்டை, ஆதார் இணைந்த வங்கிக் கணக்கின் பாஸ்புக் முதல் பக்கம், பாஸ்போர்ட் அளவு படம், விதவைச் சான்று. விதவைச் சான்றையும் இ-சேவை மையத்திலேயே விண்ணப்பிக்கலாம். அதை முதலில் எடுத்துவிட்டு, பிறகு உதவித்தொகை மனு போடுங்கள். மையத்தில் உங்களுக்கு ஒரு ‘கேன்’ எண் பதிவு செய்வார்கள். அதைக் குறித்துவைத்தால் அடுத்த தடவை எல்லா விவரத்தையும் திரும்பச் சொல்ல வேண்டாம். உதவித்தொகை மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய். சான்றிதழுக்கு 60 ரூபாய். ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். அதிலுள்ள எண்தான் பின்னால் விசாரிக்க ஒரே பிடி.

போகும் முன்னால் ஒரு மத்தியானம் உட்கார்ந்து எல்லாக் காகிதத்திலும் கணவர் பெயரை ஒப்பிட்டுப் பாருங்கள். இறப்புச் சான்றில் ‘இராமமூர்த்தி’, உங்கள் ஆதாரில் ‘ராமமூர்த்தியின் மனைவி’, ரேஷன் கார்டில் வெறும் ‘மூர்த்தி’ என்று இருந்தால் மூன்று பேர் என்று கணினி சொல்லும். ரேஷன் கார்டை முதலில் திருத்துங்கள், அது எளிது. இறந்தவர் பெயரைக் கார்டிலிருந்து நீக்கி, உங்களைக் குடும்பத் தலைவராக மாற்றுவதும் அப்போதே முடிந்துவிடும். கார்டில் கணவர் உயிரோடு இருப்பதாகக் காட்டிக்கொண்டு விதவை மனு போட்டால் ‘விவரம் முரண்’ என்று திரும்பும்.

இறப்பைப் பதிவே செய்யவில்லை என்றால்: 21 நாளுக்குள் பதிவுக்குக் கட்டணமில்லை. 30 நாள் வரை தாமதக் கட்டணத்தோடு. ஒரு வருஷத்துக்குள் என்றால் அதற்குரிய அலுவலரின் அனுமதி வேண்டும். ஒரு வருஷம் தாண்டினால் கோட்டாட்சியரின் உத்தரவு வேண்டும். டெல்டா கிராமங்களில் வீட்டிலேயே காலமான வயதானவர்களுக்கு இது அடிக்கடி விட்டுப்போகிறது. சுடுகாட்டு வேலை முடிந்த வாரத்திலேயே யாராவது ஒருவர் இதை நினைவுபடுத்தினால் அந்த வீட்டுப் பெண்ணுக்குப் பெரிய உதவி.

கேள்வி: கணவர் ஆலைத் தொழிலாளி. பி.எஃப். ஆபீஸிலிருந்து எனக்கு விதவைப் பென்ஷன் மாதம் ஆயிரம் சொச்சம் வருகிறது. ஓஏபியும் கேட்கலாமா?
– வாசகி, மயிலாடுதுறை

பி.எஃப். ஓய்வூதியம் ஒரு நிலையான வருமானம். ‘வேறு ஓய்வூதியம் பெறவில்லை’ என்று நீங்கள் உறுதிமொழி கொடுக்கும் மனுவில் அதோடு கையெழுத்துப் போடக்கூடாது. தொகை சின்னது என்ற வருத்தம் நியாயமானது. 2014 செப்டம்பரில் குறைந்தபட்சம் 1,000 ரூபாய் என்று வைத்தார்கள். ஆண்டுக்கு ஒருமுறை உயிர்வாழ் சான்று கொடுப்பதைத் தவறவிடாதீர்கள். டிஜிட்டல் சான்று கொடுத்த தேதியிலிருந்து ஒரு வருஷம் செல்லும். நவம்பரில்தான் கொடுக்க வேண்டும் என்பதில்லை.

கேள்வி: எனக்கு 61 வயது. கணவர் ஒன்பது வருஷமாக வேறொரு பெண்ணோடு வெளியூரில் இருக்கிறார். கோர்ட்டுக்குப் போகவில்லை, விவாகரத்தும் இல்லை. ரேஷன் கார்டு அவர் பெயரில்; அதில்தான் நானும். ‘புருஷன் இருக்காரேம்மா’ என்று சொல்லி மனுவையே வாங்க மறுக்கிறார்கள்.
– வாசகி, சீர்காழி வட்டம்

கைவிடப்பட்டவர்களுக்கான உதவித்தொகையில் சட்டப்படி விவாகரத்தோ, நீதிமன்றப் பிரிவினை உத்தரவோ இருக்க வேண்டும்; அல்லது ஐந்து வருஷத்துக்குக் குறையாமல் கணவர் கைவிட்டிருக்க வேண்டும். மூன்றில் ஒன்று போதும். உங்களுக்கு ஒன்பது வருஷம் ஆகிவிட்டது. கோர்ட் காகிதம் இல்லாமலே மனு போடலாம்.

இருந்தாலும் உங்களுக்கு நாங்கள் சொல்வது அந்தத் திட்டத்தை அல்ல. 60 தாண்டிவிட்டதால் முதியோர் ஓய்வூதியத்தில் போடுங்கள். தொகை அதே 1,200. கைவிடப்பட்டதை நிரூபிக்க ஊர் முழுவதும் சாட்சி தேட வேண்டாம். ஒன்பது வருஷ வேதனையை ஒவ்வொரு மேசையிலும் திரும்பச் சொல்ல வேண்டாம். வயதும் வறுமையும் ஆதரவின்மையும் மட்டும் போதும். 60க்குக் கீழ் இருப்பவர்கள்தான் கைவிடப்பட்டோர் சான்று எடுத்து அந்தத் திட்டத்துக்குப் போக வேண்டும்.

உங்கள் முட்டுக்கட்டை ரேஷன் கார்டு. அதில் குடும்பத் தலைவராகக் கணவர் இருக்கும்வரை ‘ஆதரவு உண்டு’ என்றே காகிதம் பேசும். வட்ட வழங்கல் அலுவலரிடம் மனு கொடுங்கள்: இத்தனை வருஷமாகத் தனியாக, இந்த முகவரியில் வசிக்கிறேன், கணவர் இங்கே இல்லை, நேரில் விசாரித்து என் பெயரைப் பிரித்துத் தனி அட்டை தர வேண்டும். வீட்டு வரி ரசீது, மின் கட்டண அட்டை, வீடு உங்கள் பெயரில் இல்லையென்றால் வீட்டுக்காரரின் கடிதம், இவற்றில் கிடைப்பதை இணையுங்கள். ‘கணவர் கையெழுத்து வாங்கி வா’ என்று வாய்மொழியாகத் திருப்பி அனுப்பினால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் அதே மனுவைக் கொடுத்துப் பதிவு எண் வாங்குங்கள். அந்த எண்ணுக்கு எழுத்தில் பதில் தந்தாக வேண்டும்.

இன்னும் இரண்டு செய்தி உங்களுக்கு முக்கியம். ஒன்று, விவாகரத்து ஆகாதவரை சட்டப்படி மனைவி நீங்கள்தான். முதல் மனைவி உயிரோடு, விவாகரத்தும் ஆகாமல் இருக்கும்போது இந்துத் திருமணச் சட்டத்தின்படி அவர் செய்துகொள்ளும் இரண்டாம் திருமணம் செல்லாது. நாளை அவர் காலமானால் வாரிசுச் சான்றில் மனைவியாக உங்கள் பெயர்தான் வர வேண்டும். அவர் அரசுப் பணியில் ஓய்வு பெற்றவர் என்றால் குடும்ப ஓய்வூதியம் கேட்கும் உரிமையும் உங்களுடையது. அது ஓஏபியைவிடப் பல மடங்கு. ஆகவே யாராவது ‘சும்மா ஒரு கையெழுத்து’ என்று முத்திரைத்தாளை நீட்டினால் படித்துக்காட்டச் சொல்லாமல் தொடாதீர்கள். பஞ்சாயத்தில் எழுதிய அத்துவிடுதல் சீட்டு நீதிமன்ற விவாகரத்துக்கு ஈடாகாது என்றாலும், பிறகு உங்களை அலைக்கழிக்க அது போதும்.

மற்றொன்று, கணவருக்கு வருமானம் இருந்தால் பராமரிப்புத் தொகை கேட்டுக் குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் மனு போடலாம். முன்பு 125ஆவது பிரிவு என்றார்கள். 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் 144ஆவது பிரிவு. தாலுகா நீதிமன்ற வளாகத்திலுள்ள வட்டச் சட்டப்பணிகள் குழுவில் பெண்களுக்கு வக்கீல் கட்டணமில்லாமல் அமர்த்தித் தருவார்கள்.

கேள்வி: எனக்குத் திருமணம் ஆகவில்லை, 54 வயது. அம்மாவுடன் இருக்கிறேன். அப்பா ஆசிரியராக இருந்தவர். அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வருகிறது. எனக்கு எதுவும் கிடைக்குமா?
– வாசகி, மன்னார்குடி

திருமணமாகாத ஏழைப் பெண்களுக்கான உதவித்தொகைக்கு 50 வயது போதும்; ஆனால் அம்மாவின் ஓய்வூதியம் வரும் வீட்டில் ‘வருமானம் இல்லை’ என்பது விசாரணையில் நிற்காது. அதில் காலத்தைச் செலவிட வேண்டாம்.

உங்களுக்கு இருக்கும் வாசல் வேறு. தமிழக அரசு 2011 நவம்பரில் பிறப்பித்த ஆணைப்படி, திருமணமாகாத, கணவரை இழந்த, விவாகரத்தான மகள்களுக்கு 25 வயதைத் தாண்டிய பிறகும் குடும்ப ஓய்வூதியம் உண்டு. பெற்றோர் இருவர் காலத்துக்கும் பிறகு, அவர்களைச் சார்ந்து இருந்தவர், சொந்த வருமானம் வரம்புக்குள் இருப்பவர் என்ற நிபந்தனைகளோடு. இதை அம்மா நன்றாக இருக்கும்போதே ஒழுங்கு செய்யுங்கள். ஓய்வூதியப் புத்தகத்திலும் கருவூலப் பதிவிலும் குடும்ப உறுப்பினராக உங்கள் பெயர், பிறந்த தேதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அம்மா கையெழுத்திட்டு எழுதிக் கொடுக்கட்டும். திருமணமாகாதவர் என்ற சான்றை வட்டாட்சியரிடம் எடுத்துவையுங்கள். அம்மா காலமான பிறகு இதையெல்லாம் தேடத் தொடங்குபவர்கள் வருஷக்கணக்கில் அலைகிறார்கள். காரணம் பெரும்பாலும் பள்ளிச் சான்றிலும் பணிப் பதிவேட்டிலும் பெயர் வேறுவேறாக இருப்பதுதான்.

கேள்வி: மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். ஆறு வருஷமாக ஒரு பைசா அனுப்பவில்லை. ‘பிள்ளை வெளிநாட்டில் இருக்கான்’ என்று சொல்லி ஓஏபியை மறுத்துவிட்டார்கள். நானும் மனைவியும் 70ஐத் தாண்டியவர்கள்.
– வாசகர், பட்டுக்கோட்டை

பிள்ளை இருப்பதும் பிள்ளை காப்பாற்றுவதும் ஒன்றல்ல. உங்கள் பாஸ்புக்கில் ஒரு வருஷ வரவை அச்சடித்து, அவனிடமிருந்து பணம் எதுவும் வரவில்லை என்று சுட்டிக்காட்டி, கோட்டாட்சியருக்கு மேல்முறையீட்டு மனு எழுதுங்கள். மகன் பெயர் இன்னும் உங்கள் ரேஷன் கார்டில் இருந்தால் முதலில் அதை நீக்குங்கள். அவன் அங்கே இருக்கும்வரை அவன் சம்பளம் உங்கள் குடும்ப வருமானம்தான்.

கூடவே, 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் அதே கோட்டாட்சியரிடம் பராமரிப்பு கேட்கலாம். தீர்ப்பாயத்தின் தலைவர் அவர்தான். உங்களுக்குப் பட்டுக்கோட்டை கோட்டம். வெள்ளைத்தாளில் எழுதிய மனு போதும். வக்கீல் தேவையில்லை, சட்டம் இரு தரப்புக்கும் வக்கீலை அனுமதிப்பதில்லை. நோட்டீஸ் போன நாளிலிருந்து 90 நாளில், தவிர்க்க முடியாவிட்டால் இன்னும் 30 நாளில், முடிக்க வேண்டும். மாதம் 10,000 ரூபாய் வரை உத்தரவிட முடியும். வெளிநாட்டில் வாழும் இந்தியக் குடிமக்களுக்கும் இந்தச் சட்டம் பொருந்தும். மகனுடைய அங்குள்ள முகவரி, கைபேசி எண், இங்கே அவன் பெயரிலுள்ள வீடு, மனை விவரம் இருந்தால் மனுவில் எழுதுங்கள். உத்தரவை நிறைவேற்ற அதுதான் உதவும்.

வீட்டையோ நிலத்தையோ அவனுக்கு எழுதிக் கொடுத்திருந்தால் பத்திரத்தை எடுத்துப் படியுங்கள். ‘எங்களை ஆயுள்வரை பராமரிக்க வேண்டும்’ என்ற நிபந்தனையோடு எழுதியிருந்து அவன் தவறினால், 23ஆவது பிரிவின்படி அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். ‘அன்பினாலும் பாசத்தினாலும்’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தவர்களுக்கு வழக்கு கடினமாகிறது. இனி எழுதப்போகிறவர்கள் பத்திர எழுத்தரிடம் அந்த ஒரு வரியைக் கேட்டுச் சேர்க்க வேண்டும், சங்கடப்பட வேண்டாம்.

கேள்வி: மாமியார் ஓஏபி வாங்குகிறார். அதனால் எனக்கு மகளிர் உரிமைத் தொகை கிடையாது என்கிறார்கள். சரியா?
– வாசகி, கீழ்வேளூர்

சரியில்லை. முதலில் அப்படித்தான் விதி இருந்தது. 2023 ஆகஸ்டில் அதைத் தளர்த்தி, முதியோர் ஓய்வூதியம் வாங்குபவர் வீட்டில் இருந்தாலும் தகுதியுள்ள வேறொரு பெண் விண்ணப்பிக்கலாம் என்று அறிவித்தார்கள். ஓஏபி வாங்கும் மாமியாரே உரிமைத் தொகையும் கேட்க முடியாது, அவ்வளவுதான். மற்ற நிபந்தனைகள்: குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், நஞ்சை ஐந்து ஏக்கருக்குள் அல்லது புஞ்சை பத்து ஏக்கருக்குள், ஆண்டு மின்சாரம் 3,600 யூனிட்டுக்குள், கார் கூடாது, வருமான வரி கட்டுபவர் கூடாது.

கேள்வி: மருத்துவக் காப்பீட்டு அட்டைக்காக 96,000 ரூபாய் என்று வருமானச் சான்று எடுத்தோம். இப்போது ஓஏபி விசாரணையில் அதையே காட்டி மறுக்கிறார்கள்.
– வாசகர், வலங்கைமான்

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஆண்டு வருமானம் 1,20,000 வரை இருக்கலாம். அதற்கு 96,000 போதும். ஓஏபியில் கேட்பது பிழைக்க வழி இருக்கிறதா என்பது. அந்த 96,000 மகனுடைய சம்பளம் சேர்ந்ததா? மகன் அதே ரேஷன் கார்டில் இருக்கிறாரா? இருந்தால் சான்று சரியானதே. உங்கள் மனுதான் பலவீனம். மகன் உண்மையிலேயே தனிக் குடித்தனம் போய்விட்டார் என்றால் கார்டைப் பிரித்து, உங்கள் இருவருக்கு மட்டும் புதிய வருமானச் சான்று எடுத்து, அதற்குப் பிறகு மனு போடுங்கள். ஒரே வீட்டில் சமைத்துக்கொண்டு காகிதத்தில் மட்டும் பிரிந்தால், நேரில் வரும் ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) அடுப்பைப் பார்த்தே எழுதிவிடுவார். பேரப்பிள்ளையின் படிப்புக் கடனுக்கு ஒரு தொகை, ஓஏபிக்கு ஒரு தொகை என்று சான்று எடுப்பதும் வேண்டாம். எல்லாம் ஒரே கணினியில்தான் பதிவாகின்றன.

கேள்வி: பேங்க் மிஷினில் என் கைரேகை விழுவதில்லை. இரண்டு மாதமாகப் பணம் எடுக்க முடியவில்லை.
– வாசகி, வேதாரண்யம்

உப்பளத்திலும் வயலிலும் ஆயுள் முழுவதும் வேலை செய்த விரலில் ரேகை தேய்ந்துபோவது இயல்பு. பணம் உங்கள் கணக்கில்தான் இருக்கிறது, எங்கும் போகவில்லை. பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு வங்கிக் கிளைக்கே போய்ப் பணம் எடுக்கும் சீட்டில் பெருவிரல் வைத்து எடுக்கலாம். இரண்டு சாட்சி கேட்டால் தெரிந்தவர்களைக் கூட்டிப்போங்கள். பிறகு ஆதார் மையத்தில் பத்து விரலையும் கண் பாவையையும் புதிதாகப் பதிவு செய்யுங்கள். முதல் நாள் இரவு கையில் தேங்காய் எண்ணெய் தடவி, காலையில் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துப் போனால் ரேகை ஓரளவு விழும். மருதாணி வைத்த கையோடு போகாதீர்கள்.

அங்கே பிறந்த தேதியைத் திருத்தும்போது எச்சரிக்கை. ஆதாரில் பிறந்த தேதியை ஒரே ஒரு முறைதான் மாற்றலாம். சான்று எதுவும் இல்லாமல் வயதைக் கூட்டிப் போடப் பார்த்து அந்த ஒரு வாய்ப்பையும் இழந்தவர்கள் உண்டு.

கேள்வி: கணவர் பெயரிலும் என் பெயரிலும் தனித்தனிப் பட்டா. பிஎம் கிசான் 6,000 இருவருக்கும் வருமா?
– வாசகி, ஒரத்தநாடு

வராது. அதில் கணவன், மனைவி, 18 வயது நிரம்பாத பிள்ளைகள் சேர்ந்து ஒரு குடும்பம். ஒரு குடும்பத்துக்கு ஒருவர். இருவரும் வாங்கியிருந்தால் ஒருவருடையதைத் திருப்பிக் கட்டச் சொல்லிக் கடிதம் வரும். மாதம் 10,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் ஓய்வூதியம் வாங்குபவருக்கும் கிடையாது. கடைநிலை ஊழியராக ஓய்வு பெற்றவருக்கு மட்டும் விலக்கு. கணவர் காலமானால் நிலம் வாரிசாக உங்கள் பெயருக்குப் பட்டா மாறியதும் நீங்கள் புதிதாகப் பதியலாம்.

கேள்வி: மகள் வீடு காரைக்காலில். நான் அங்கேதான் பாதி நாள். என் ஓஏபி நாகை மாவட்டத்தில். இடம் மாறினால் தொடருமா?
– வாசகர், நாகூர்

காரைக்கால் புதுச்சேரி அரசின் கீழ் வருவதால் அங்கே திட்டமும் தொகையும் வேறு. ஆற்றின் இந்தக் கரையில் வாங்கும் உதவித்தொகையை அந்தக் கரைக்கு மாற்ற முடியாது. நிரந்தரமாகப் போகிறீர்கள் என்றால் இங்கே ரத்து செய்து எழுத்தில் வாங்கி, அங்கே குடியிருப்புச் சான்றோடு புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். பாதி நாள்தான் என்றால் ரேஷன் கார்டையும் ஆதார் முகவரியையும் நாகூரிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டு சரிபார்ப்புக்கு வி.ஏ.ஓ. வரும்போது ஊரில் இருங்கள். ‘முகவரியில் இல்லை’ என்று ஒரு தடவை எழுதிவிட்டால் போதும், பணம் நின்றுவிடும்.

கேள்வி: மனு போட்டு ஏழு மாதம். போனால் ‘பார்க்கலாம்’ என்கிறார்கள்.
– வாசகர், திருத்துறைப்பூண்டி

ஒப்புகைச் சீட்டு எண்ணை இ-சேவை மையத்தில் கொடுத்து மனு யார் மேசையில் இருக்கிறது என்று பாருங்கள்: வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தனி வட்டாட்சியர் என்று மூன்றில் ஒன்றில் நிற்கும். நிற்கும் இடத்துக்கு நேராகப் போங்கள். தள்ளுபடி என்றால் காரணம் எழுத்தில் வேண்டும். அது இல்லாமல் மேல்முறையீடு எழுத முடியாது. பதில் வராவிட்டால் 1100 என்ற முதல்வரின் முகவரி எண்ணில் பதியுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் ‘என் மனு மீது எந்தத் தேதியில் யார் என்ன நடவடிக்கை எடுத்தார், தள்ளுபடி என்றால் எந்த விதியின் கீழ்’ என்று இரண்டே கேள்வி கேளுங்கள். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்ட வேண்டும். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவருக்கு அதுவும் வேண்டாம், சான்றின் நகல் போதும். 30 நாளில் பதில் வர வேண்டும். அதே மனுவைப் புதிதாக இன்னொரு முறை போட்டுவிடாதீர்கள்; இரண்டு மனு ஒரே ஆதாரில் இருந்தால் இரண்டுமே நிற்கும்.